சூடு கூடினால் நொதிக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கம் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். நொதிப் பாடம் வந்துவிட்டால் பிள்ளைகள் ஒரு பக்கம், அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோர் மறுபக்கம் என்று கேள்விகள் குவியும். ஆண்டு மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பாகை என்று வரும் இடமெல்லாம் செல்சியஸ் என்று கொள்ளுங்கள்.

1. டீச்சர், நொதிக்கு உயிர் உண்டா? சூடு பட்டால் செத்துவிடும் என்று எழுதலாமா?

உயிர் கிடையாது. நொதி என்பது உயிரணு தனக்காகச் செய்துகொள்ளும் மூலக்கூறு, பெரும்பாலும் புரதம். 1897-இல் எடுவார்ட் புக்னர் ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். உயிரணுக்கள் நீக்கப்பட்ட அந்தச் சாற்றிலும் சர்க்கரை நொதித்துப் பொங்கியது. அதற்காக 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. உயிரே இல்லாத ஒன்று எப்படிச் சாகும்? எந்த மொழியில் தேர்வு எழுதினாலும் ‘நொதி இறந்தது’ என்றால் மதிப்பெண் போய்விடும். ‘இயல்பிழந்தது’ என்று எழுதுங்கள்; அது என்ன என்பது 3-ஆம் பதிலில் வருகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நொதியின் மேல் ஒரு குழிவு இருக்கும். அதுதான் செயல்மையம். அதில் பொருந்தும் பொருள் தளப்பொருள். பொருந்தி, மாறி, வெளியேறும். நொதி அப்படியே இருந்து அடுத்ததை வாங்கிக்கொள்ளும். உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக வெட்டுவது இப்படித்தான்.

2. சூடு ஏறினால் வேகம் ஏன் கூடுகிறது?

மூலக்கூறுகள் வேகமாக அலைகின்றன, அதனால் அடிக்கடி மோதிக்கொள்கின்றன என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். தவறில்லை, ஆனால் அது பாதிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 27 பாகையிலிருந்து 37 பாகைக்குப் போவது கெல்வின் அளவில் 300-இலிருந்து 310-க்குப் போவது. ஏற்றம் சுமார் மூன்று சதவீதம். வினையின் வேகமோ ஏறத்தாழ இருமடங்காகிறது. இந்த மூன்று சதவீதம் எப்படி அவ்வளவு பெரிதாயிற்று?

மோதினால் மட்டும் வினை நடந்துவிடாது. ஒரு குறைந்தபட்ச வலுவோடு மோத வேண்டும். அந்தத் தடைக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். எந்த நேரத்திலும் அந்த வலு உள்ள மூலக்கூறுகள் சிறுபான்மைதான். சூடு சற்று ஏறும்போது சராசரி ஆற்றல் கொஞ்சமே நகர்கிறது, ஆனால் தடையைத் தாண்டக்கூடிய அந்தச் சிறுபான்மை மளமளவென்று பெருகிவிடுகிறது. இதைச் சமன்பாடாக்கி 1889-இல் விளக்கியவர் சுவாந்தே அரீனியஸ். நொதி தடையைத் தாழ்த்துகிறது. வெப்பம் தாண்டுகிறவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘வெப்பம் கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது’ என்று எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

‘10 பாகைக்கு இருமடங்கு’ என்பது தோராயம். நொதிக்கு நொதி மாறும்.

3. அப்படியென்றால் கொதிக்க வைத்தால் இன்னும் வேகமாக வேலை செய்ய வேண்டாமா?

வெப்பம் தளப்பொருளை மட்டும் உலுக்குவதில்லை, நொதியையும் சேர்த்தே உலுக்குகிறது. நொதி என்பது நீண்ட அமினோ அமிலச் சங்கிலி ஒன்று குறிப்பிட்ட விதமாக மடிந்து நிற்பது. அந்த மடிப்பைப் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற மெலிந்த பிடிகள். ஒரு கட்டத்துக்கு மேல் அவை விட்டுவிடும், மடிப்பு குலையும், செயல்மையத்தின் வடிவம் போகும். தளப்பொருள் வந்தாலும் பொருந்த இடமில்லை. இதுதான் இயல்பிழத்தல். சங்கிலி துண்டு துண்டாக அறுந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அறுவதில்லை, மடிப்புதான் குலைகிறது. கோப்பிக்கடையில் அரைவேக்காட்டு முட்டை உடைத்து ஊற்றும்போது வெள்ளைக்கரு பாதி கண்ணாடியாகவும் பாதி பாலாகவும் இருக்கிறதே, பாலாகத் தெரியும் பகுதி மடிப்புக் குலைந்த புரதம்.

ஒரு பிடி விட்டதும் பக்கத்திலிருப்பவையும் சேர்ந்து விடுவதால் இந்தச் சரிவு மிகச் செங்குத்து. வரைபடத்தில் ஏற்றம் நிதானமாகவும் இறக்கம் திடீரென்றும் இருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே சரிவில் அழகாக மலை வரைந்து தராதீர்கள்.

4. 37 பாகைதான் எல்லா நொதிக்கும் சரியான வெப்பநிலை, இல்லையா?

இல்லை. அது நம் உடம்பின் வெப்பநிலை, அவ்வளவுதான். மனித நொதிகளைப் பற்றியே பாடம் நடத்துவதால் 37 என்ற எண் மந்திரம் மாதிரி மனத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பேராக்கில் சுங்கை கிளா வெந்நீரூற்றுக்குப் போனவர்கள் முட்டை அவித்துச் சாப்பிட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட ஊற்றுகளிலும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. 1969-இல் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளிலிருந்து பிரித்தெடுத்த ஒன்றை உலகுக்கு அறிவித்தார்கள். பெயர் தெர்மஸ் அக்வாட்டிகஸ். மரபணு இழையை நகலெடுக்கும் அதன் நொதி 70 பாகையைத் தாண்டித்தான் முழு வேகம் பிடிக்கும். 95 பாகையிலும் பல நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். மரபணு இழையைச் சுற்றுச் சுற்றாக நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனையில் ஒவ்வொரு சுற்றிலும் குழாயை 95 பாகைக்குச் சூடேற்ற வேண்டும். கோவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளைச் சோதித்ததும் இத்தகைய வெப்பம் தாங்கும் நொதிகளை வைத்துத்தான்.

அமிலேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உமிழ்நீர் அமிலேஸ் 60 பாகையில் தள்ளாடும். பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவின் அமிலேஸை மாவுச்சத்துத் தொழிற்சாலைகளில் 105 பாகை அளவில் ஓட்டுகிறார்கள். பெயரைக் கேட்டு வெப்பநிலையைச் சொல்ல முடியாது. எந்த உயிரினத்தினுடையது என்று கேளுங்கள்.

5. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நொதி கெட்டுப்போகுமா?

மெதுவாகும், கெடாது. மடிப்பு அப்படியே இருக்கும். வெளியே எடுத்துச் சூடு ஏறினால் பழையபடி வேலை செய்யும். உறைநிலையிலும் சில நொதிகள் மிக மெல்ல இயங்கிக்கொண்டேதான் இருக்கும். முருங்கைக்கீரையையோ பீன்ஸையோ உறையவைக்கும் முன் கொதிநீரில் சற்று முக்கி எடுப்பது இதற்காகத்தான். முக்காமல் வைத்தால் சில வாரங்களில் நிறமும் மணமும் மாறிவிடும்.

மீன் விஷயம் சுவையானது. நம் கடலில் பிடிக்கும் கெம்போங் மீனின் நொதிகளும் அதன் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களும் 28 பாகை நீருக்குப் பழகியவை. பனிக்கட்டியில் போட்டால் அவற்றுக்கு அது பெரிய வீழ்ச்சி. குளிர்கடல் மீனுக்கோ சிறிய இறக்கம். அதனால்தான் வெப்பமண்டல மீன்கள் பனிக்கட்டியில் பொதுவாகக் கூடுதல் நாள் தாங்குகின்றன. சந்தையிலேயே வெயிலில் கிடந்த மீனுக்கு இந்தச் சலுகை இல்லை.

6. பள்ளிச் சோதனையில் 60 பாகைக் குழாயில்தான் மாவுச்சத்து முதலில் மறைந்தது. பாடநூல் பொய்யா, டீச்சர்?

உமிழ்நீரையும் மாவுக்கரைசலையும் வெவ்வேறு சூட்டில் கலந்து வைத்து, மாவுச்சத்து எப்போது தீர்கிறது என்று அயோடினால் பார்க்கும் சோதனை இது. பாடநூல் சரி, செய்முறையில்தான் கோளாறு. முதல் சந்தேகம் அயோடின் மேல். மாவுச்சத்தும் அயோடினும் சேர்ந்து தரும் கருநீலம் சூட்டில் வெளிறும், மிகுந்த சூட்டில் மறைந்தே போகும், ஆறினால் திரும்பி வரும். சூடான குழாய்க்குள் நேராக அயோடினை விட்டால் மாவுச்சத்து இருந்தும் இல்லாத மாதிரி தெரியும். குழிகள் உள்ள வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அயோடினை முன்கூட்டியே விட்டு வைத்து, குழாயிலிருந்து ஒரு துளியை எடுத்து அதில் விடச் சொல்வது வீண் சடங்கு அல்ல. குளிர்ந்த ஓட்டில் அந்தத் துளி உடனே ஆறிவிடும். முறையாகச் செய்தால் வரிசையாக நிறம் மாறுவதைப் பார்க்கலாம்: முதல் குழிகளில் கருநீலம், அடுத்து ஊதா, பிறகு செம்பழுப்பு, கடைசியில் அயோடினின் சொந்த மஞ்சள்பழுப்பு. அந்தச் செம்பழுப்பு, மாவுச்சத்து பாதி வெட்டுப்பட்டு நிற்கும் நிலை. அதைப் பார்த்து ‘முடிந்தது’ என்று கடிகாரத்தை நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டாவது சந்தேகம் கலந்த விதம். உமிழ்நீரையும் மாவுக்கரைசலையும் முதலிலேயே கலந்துவிட்டு 60 பாகை நீரில் இறக்கினால், அந்தக் கலவை 40-ஐயும் 50-ஐயும் கடந்துதான் 60-க்குப் போகும். போகிற வழியிலேயே நொதி வேலையை முடித்துவிடும். இரண்டு குழாய்களையும் தனித்தனியே ஐந்து நிமிடம் அதே நீரில் வைத்துவிட்டுக் கலக்க வேண்டும். வெப்பமானியை நீரில் மட்டும் வைக்காமல் குழாய்க்குள்ளும் ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ஒரு காரணமும் இருக்கிறது. அது 15-ஆம் கேள்விக்குரியது.

7. அறை வெப்பநிலை என்று 25 பாகை எழுதுகிறோமே, சரியா?

குளிரூட்டி ஓடும் அறையில் சரி. காற்றாடி மட்டும் சுற்றும் நம் ஆய்வுக்கூடத்தில் நண்பகலில் 30-ஐத் தாண்டும். அளந்து எழுதுங்கள்.

8. காய்ச்சல் 40 பாகையைத் தொட்டால் உடம்பிலுள்ள நொதியெல்லாம் உருக்குலைந்துவிடுமா? பேரனுக்கு அப்படி வந்தபோது பயந்துபோனேன்.

இல்லை, பாட்டி. ‘40-க்கு மேல் மனித நொதிகள் இயல்பிழக்கத் தொடங்கும்’ என்ற பாடநூல் வரியைக் கத்தி வெட்டுப்போல எடுத்துக்கொள்கிறோம். நொதிக்கு நொதி தாங்கும் அளவு மாறுகிறது. பெரும்பாலானவை 40 பாகையில் சில மணி நேரம் இருந்தாலும் மடிப்புக் குலையாதவை. போதாததற்கு, குலையப் பார்க்கும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உயிரணுக்கள் உடனே செய்கின்றன. 1962-இல் ஃபெருச்சோ ரித்தோசா பழ ஈக்களில் இந்த எதிர்வினையைக் கண்டறிந்தார், மனிதரிடத்திலும் உண்டு.

காய்ச்சலில் நாம் உணர்வது 2-ஆம் பதிலில் சொன்ன வேக ஏற்றம்தான். ஒரு பாகை ஏறினால் உடல் எரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். அதனால் நாடி விரைகிறது, மூச்சு வாங்குகிறது, உடம்பில் நீர் வற்றுகிறது. நொதிகளை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் 40 பாகைக் காய்ச்சலை வீட்டில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். டெங்கி உலாவும் ஊர் இது. கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

9. தீபாவளிக்கு ஆட்டிறைச்சியில் பப்பாளிக்காய் அரைத்துப் பூசி இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் அப்படியே இருக்கிறது. காய் சரியில்லையா?

அக்கா, காய்மேல் பழி இல்லை. பப்பாளியின் பப்பேன் புரதத்தை வெட்டும் நொதி. அதற்குப் பிடித்தது 60 பாகையை ஒட்டிய சூடு. 4 பாகைப் பெட்டியில் அது ஊர்ந்துகொண்டிருந்திருக்கும் (5-ஆம் பதில்). உண்மையான வேலை அடுப்பில் வைத்தபின், இறைச்சி மெல்லச் சூடேறும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. கொதிநிலைக்குப் போனதும் நொதி இயல்பிழந்து நின்றுவிடும்.

ஆகவே இரவு முழுக்க ஊறவைப்பதில் பப்பேனால் பெரிய பலனில்லை. மசாலா இறங்கும், அவ்வளவுதான். பிரட்டலுக்குத் தீயை முதலில் சிறிதாக வைத்துப் பொறுமையாக ஏற்றுங்கள். காயை அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மேல்பகுதி கூழாகி உள்ளே இறுகியே இருக்கும்.

10. பச்சை அன்னாசி போட்டால் ஜெல்லி உறையவில்லை, டின் அன்னாசி போட்டால் உறைகிறது. ஏன்?

அன்னாசியின் புரோமிலேனும் புரதம் வெட்டும் நொதிதான். ஜெல்லியை இறுக்கும் ஜெலட்டின் ஒரு புரதம். வெட்டுப்பட்டால் நீராகவே நிற்கும். டின்னில் அடைக்கும்போது பழம் சூடாக்கப்படுவதால் நொதி இயல்பிழந்துவிடுகிறது. பச்சைப் பழத்தையே போட ஆசையென்றால் நம் ஊர் அகார்-அகார் செய்யுங்கள். அது கடற்பாசியிலிருந்து வரும் கார்போஹைட்ரேட் வகை, புரதமல்ல. புரோமிலேன் அதைத் தொடாது.

11. குளிரில் நொதி மெதுவாகும் என்றீர்கள். அப்படியானால் வாழைப்பழம் குளிர்சாதனப் பெட்டியில் ஏன் இன்னும் சீக்கிரம் கறுத்துப் போகிறது?

நல்ல மடக்கு. கறுப்பாக்கும் நொதி பாலிஃபீனால் ஆக்சிடேஸ். நல்ல நிலையில் உள்ள தோலில் அது ஓர் அறையிலும் அதன் தளப்பொருளான பாலிஃபீனால் வேறோர் அறையிலும் இருக்கும், நடுவே சவ்வு. வாழை வெப்பநாட்டுப் பயிர். அதன் சவ்வு 4 பாகைக் குளிரைத் தாங்காமல் கசிகிறது, இரண்டும் சந்தித்துவிடுகின்றன. நொதி மெதுவாகத்தான் வேலை செய்கிறது, ஆனால் முன்பு வேலையே இல்லாமல் இருந்ததற்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. தோல் கறுத்தாலும் உள்ளே பழம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தூக்கி எறியாதீர்கள்.

இதே நொதியை வைத்துப் பிழைக்கும் தொழிலும் உண்டு. கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: வாடவைத்த கொழுந்தை உருளையில் கசக்கிப் பரப்பி வைப்பார்கள். கசக்கும்போது சவ்வு கிழிந்து நொதியும் பாலிஃபீனாலும் கலக்கின்றன, இலை செம்பு நிறமாகிறது. போதுமான பதம் வந்ததும் சுடுகாற்றில் உலர்த்தி நொதியை நிறுத்திவிடுவார்கள். பச்சைத் தேயிலைக்குப் பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி முதலிலேயே நிறுத்துகிறார்கள். கறுப்புத் தேநீருக்கும் பச்சைத் தேநீருக்கும் செடி ஒன்றுதான்.

12. சர்க்கரைவள்ளிக் கிழங்கை மைக்ரோவேவில் வேகவைத்தால் இனிப்பு குறைகிறதே, மனப்பிரமையா?

பிரமை இல்லை. கிழங்கிலுள்ள பீட்டா அமிலேஸ் மாவுச்சத்தை மால்டோஸாக்கும். ஆனால் பச்சை மாவுச்சத்துத் துகளை அதனால் எளிதில் வெட்ட முடியாது. 60 பாகையைத் தாண்டித் துகள் நீர் குடித்து உப்பினால்தான் வழி கிடைக்கும். 80-ஐ நெருங்கினால் நொதியே இயல்பிழக்கும். இடைப்பட்ட அந்தச் சிறிய இடைவெளியில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு இனிப்பு. அடுப்பில் மெல்லச் சுட்டால் அங்கே நீண்ட நேரம் நிற்கும். மைக்ரோவேவ் சில நிமிடங்களில் கடத்திவிடும். 37 பாகையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் இது விளங்காது.

13. பக்கத்து வீட்டுச் சயாம் பூனைக்கு முகம், காது, கால், வால் மட்டும் ஏன் கறுப்பு? இதற்கும் நொதிக்கும் சம்பந்தம் உண்டாமே?

உண்டு. கருநிறம் செய்யும் டைரோசினேஸ் நொதி இந்தப் பூனைகளில் மரபணு மாற்றத்தால் சற்றுத் தளர்ந்த மடிப்போடு உருவாகிறது. உடலின் நடுப்பகுதிச் சூட்டில் அது செயலிழக்கிறது. குளிர்ந்த ஓரங்களில் வேலை செய்கிறது. தாயின் கருப்பை முழுக்கச் சூடு என்பதால் குட்டி வெளிறிய நிறத்திலேயே பிறக்கும். முதுகில் மயிரை மழித்தால் அந்த இடம் குளிர்ந்து, புது மயிர் கருமையாக முளைப்பதும் உண்டு. 3-ஆம் பதிலில் சொன்ன இயல்பிழப்பு இங்கே உடல் சூட்டிலேயே நடந்துவிடுகிறது.

14. கொதிக்க வைத்த நொதியை ஆறவிட்டால் மறுபடி வேலை செய்யுமா?

தேர்வில் ‘செய்யாது’ என்று எழுதுங்கள். உமிழ்நீர் அமிலேஸுக்கு அது சரி. குலைந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடுவதால் பழைய மடிப்புக்குத் திரும்ப வழியில்லை. வெந்த முட்டை ஆறினாலும் பச்சையாவதில்லை.

இயற்கையில் விதிவிலக்கு உண்டு. ஆர்என்ஏ என்ற மரபுச்செய்தி இழையை வெட்டும் ரிபோநியூக்ளியேஸ் என்ற சிறிய நொதியை வேதிப்பொருளால் முழுக்கக் குலைத்துவிட்டு, அந்தப் பொருளை நீக்கியதும் அது தானாகவே மடிந்து வேலைக்குத் திரும்பியதைக் கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் காட்டினார். 1972-இல் நோபல் பரிசு பெற்றார். ஆய்வுக்கூடத்தில் ஆர்என்ஏவோடு வேலை செய்பவர்களைக் கேட்டால் இந்த நொதியைத் திட்டித் தீர்ப்பார்கள், ஏனென்றால் கொதிக்க வைத்தாலும் ஆறியதும் எழுந்து உட்கார்ந்துவிடும். காய்கறிகளின் பெராக்சிடேஸும் குறைந்த நேரச் சூட்டுக்குப்பின் ஓரளவு மீள்வதுண்டு.

மாறாக, மீளாத இழப்பையே அளவுகோலாக்கியதும் உண்டு. பாலை 72 பாகையில் 15 வினாடி சூடாக்கும் முறையில், கெடுதல் செய்யும் கிருமிகளைவிடச் சற்றே அதிகம் தாங்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி செயலிழந்ததா என்று சோதிப்பார்கள். அது போயிருந்தால் கிருமிகளும் போயிருக்கும்.

15. ஒரே நொதிக்கு ஒரு நூலில் உகந்த வெப்பநிலை 40, இன்னொன்றில் 55 என்று இருக்கிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். எவ்வளவு நேரம் அளந்தார்கள் என்று பாருங்கள். 55 பாகையில் நொதி முதல் நிமிடத்தில் பாய்ந்து வேலை செய்யும், ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் மடிப்புக் குலைந்துகொண்டே போகும். 40 பாகையில் வேகம் குறைவு, ஆனால் நீடிக்கும். ஒரு நிமிடத்தில் உருவான விளைபொருளை அளந்தால் 55 வெல்லும். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் 40 வெல்லும். உகந்த வெப்பநிலை என்பது வேகமும் ஆயுளும் சேர்ந்து தரும் விடை. நேரம் மாறினால் விடையும் நகரும்.

6-ஆம் கேள்வியில் விட்டுவைத்த மூன்றாவது காரணம் இதுதான். உமிழ்நீர் அமிலேஸ் 60 பாகையில் அந்தக் கணமே விழுந்துவிடுவதில்லை. விழுவதற்குள் கொஞ்சம் மாவுச்சத்தை வெட்டிவிடும். உமிழ்நீர் கெட்டியாக இருந்து மாவுக்கரைசல் நீர்த்திருந்தால் அந்தக் கொஞ்சமே போதும், முழுவதும் தீர்ந்துவிடும். உமிழ்நீரை நீர்த்துப் பாருங்கள், அல்லது 60 பாகையில் பத்து நிமிடம் தனியே வைத்துவிட்டுப் பிறகு மாவுக்கரைசலோடு கலந்து பாருங்கள். கருநீலம் அப்போது நகராது.